மதியத்துக்கு மேல் இறுகும் பாறை

பாறையைப் பற்றி அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. நான் தொட்ட ஒரே பாறை எங்கள் அல்சூர் வீட்டுச் சமையல் மேடை கிரானைட். அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. வட கர்நாடகத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் துளையிடும் எந்திரம் ஓடும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம் என்று அதன் சென்சார்கள் அனுப்பிக்கொண்டே இருக்கும். பெங்களூரில் ஏசியில் உட்கார்ந்தபடி நான் அதைப் படமாக வரைவேன். துளை போடும் கம்பியான ராடு மெதுவாக இறங்கினால் கடினப் பாறை, சிவப்பு. சரசரவென இறங்கினால் இளகிய பாறை, பச்சை. சிவப்புத் துளைக்கு வெடிமருந்து கூடுதல், பச்சைக்குக் குறைவு.

ஒருநாள் படம் ஜமக்காளம் மாதிரி வந்தது. பச்சைப் பட்டை, சிவப்புப் பட்டை, மறுபடி பச்சை. கோடிக்கணக்கான வருஷமாகச் சும்மா கிடந்த பாறை, தினமும் மதியம் ஷிப்ட் மாறியதும் முறுக்கிக்கொண்டு இறுகியது. காலை ஷிப்டில் சமாதானமாகி இளகியது. தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிட்டதோ என்னவோ.

உட்கார்ந்து குடைந்ததில் விஷயம் வெளியே வந்தது. அழுத்தத்தை அளக்கும் சென்சார் எப்போதோ செத்துப்போய், கடைசியாக அளந்த எண்ணையே விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது. காலை ஆபரேட்டர் ஓங்கி அழுத்துபவர். மதியத்தவர் மெல்ல அழுத்துபவர். மெல்ல அழுத்தினால் ராடு மெல்லத்தானே இறங்கும்? எங்கள் அருமை மென்பொருள் அந்த மனிதரின் நிதானத்தைப் பாறையின் தலையில் கட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை வெடி வைக்கிறார்கள் என்பது நினைவுக்கு வரும்வரை சிரிப்பாகத்தான் இருந்தது. படத்தின் சிவப்பை நம்பி இளகிய பாறையில் அளவுக்கு மீறி மருந்து அடைத்தால், எட்டி நிற்கும் ஆட்கள் வரைக்கும் கல் பறந்து வரும்.

மேனேஜரிடம் ஓடினேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் சென்சார் செத்த கதையைச் சொன்னால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார். பிறகு பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னார்.

“படத்துக்குக் கீழ சின்னதா ஒரு ஃபுட்நோட் போட்டுடும்மா. நம்ம கடமை முடிஞ்சுது.”

வெடி வைக்கிறவர் ஃபுட்நோட் படித்துவிட்டுத்தான் குழியில் மருந்து போடுவார் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

வேலை போனால் போகட்டும் என்று படிக்கட்டில் நின்றபடி சுரங்கத்துக்கே போன் செய்தேன். வெடிக்குப் பொறுப்பானவர் அரியலூர்க்காரர். தமிழைக் கேட்டதும் குளிர்ந்துபோய், சாப்பிட்டாச்சா என்றெல்லாம் விசாரித்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். சிவப்பை நம்பாதீர்கள், மருந்தைக் கூட்டாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

பொறுமையாகக் கேட்டார். அந்தப் படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டியிருப்பதாகவும், மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். மருந்து எல்லாத் துளைக்கும் ஒரே அளவுதானாம். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானாம்.

“உங்க படத்தப் பாத்து இங்க யாரும் எதுவும் செய்யறதில்ல மேடம். உங்களால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. நிம்மதியா இருங்க.”

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். நிஜமாகவே நிம்மதியாகத்தான் இருந்தது; யார் தலையிலும் கல் விழப்போவதில்லை. இத்தனை வருஷமாகக் கண் எரிய எரிய வண்ணம் தீட்டியதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

மறுவாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சுரங்கத்தாரின் கடிதத்தில் சென்சாரைப் பற்றி ஒரு வரி இல்லை. வண்ணங்கள் பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த படத்தைச் சுவருக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் பெரிதாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பினேன்.