வேடியப்பனின் ஜீப்புக்கு பிரேக் உண்டு

வேடியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்தாறு வருஷம் மலைச் சாலையில் ஸ்டியரிங் பிடித்தே கழிந்தது. விடிந்ததும் கிளியூர்ப் பெண்களைக் காப்பி எஸ்டேட்டுக்கு ஏற்றிப் போவார். பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பிரசவ வலியில் துடித்தவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் கொட்டும் மழையில் குப்பனூர் வழியாகச் சேலம் வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒரு கோழியின் மேல்கூட அவர் சக்கரம் ஏறியதில்லை.

சரிவில் எங்கே நின்றாலும் இறங்கி, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார். இரண்டே நிமிஷம் என்றாலும் கல் வைக்காமல் நகர மாட்டார். கிளீனராக இருந்த காலத்தில், ஹேண்ட் பிரேக்கை நம்பி ஒருவர் டீ குடிக்கப் போக, மூட்டை ஏற்றிய வண்டி ஆளே இல்லாமல் நகர்ந்து பள்ளத்தில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். மலை டிரைவர்களுக்கு இந்தக் கல்லின் அருமை தெரியும். கீழேயிருந்து வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

போன ஐப்பசியில் அப்படி ஒரு கூட்டம் கார் விளம்பரம் எடுக்க வந்தது. ஒரு நாள் வாடகைக்கு ஜீப்பைக் கேட்டார்கள். வளைவில் ஓரங்கட்டி நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார், இறங்கிக் கல் வைத்தார்.

"சூப்பர்ண்ணா! அதே மாதிரி இன்னொரு தடவை வைங்க, கொஞ்சம் வேகமா" என்றான் கேமராக்காரன். அவரும் வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து மகள் கீர்த்திகா போனை நீட்டினாள். அந்த விளம்பரம்தான். ஒரு ஜோடி புதுக் காரில் ஏற்காட்டுக்கு வருகிற கதை. அங்கங்கே கதை நின்றுவிடும். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதைப் பார்க்கிறவர்தான் பட்டனைத் தொட்டுச் சொல்ல வேண்டும். நான்காவது வளைவில் வேடியப்பன் வந்தார். படபடக்கும் இசைக்கு நடுவே குதித்து இறங்கிக் கல் வைத்தார். திரையில் எழுத்து ஓடியது: 'பிரேக் போன ஜீப்! என்ன செய்வீர்கள்?' கீழே இரண்டு பட்டன்கள். 'முந்திப் போ', 'உதவி செய்'.

கீர்த்திகா முதலாவதைத் தொட்டாள். கார் பறந்தது. திரும்ப வந்து இரண்டாவதைத் தொட்டாள். ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கார் மலையேறியது. கம்ப்யூட்டரில் செய்த வித்தை. எதைத் தொட்டாலும் ஜெயிப்பது கார்தான்.

"என்ர வண்டிய இவன் இழுத்தானா? போன மழைக்கு இதே மாதிரி மூணு காரைப் பள்ளத்துல இருந்து நானு இழுத்து உட்டிருக்கறேன், கண்ணு!"

"நம்பர் பிளேட்டு கூட நல்லாத் தெரியுதுங்கப்பா."

அன்றைக்கே அவர் விளம்பரம் எடுத்த கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல் எடுத்தது. "சார், அது வெறும் கதை. முடிவு பார்க்கறவங்க கையில."

"கதைன்னா கதைக்குன்னு ஒரு வண்டியக் காட்டோணும். என்ர நம்பரை ஏனுங்க காட்டறீங்க? 'இந்த வண்டிக்கு பிரேக் நல்லா இருக்குது'ன்னு ஒரு பட்டன் வெச்சீங்களா?"

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்."

போட்டதுதான். இங்கிலீஷில் நாலு பக்கம். வாடகை ரசீது என்று சொல்லித்தான் நீட்டினார்கள். அவர் மேலே பேசுவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

மறுநாள் காலை கிளியூரில் பதினான்கு பெண்களும் கூடையோடு நின்றிருந்தார்கள். ஒருத்தியும் ஏறவில்லை.

"ஏனுங்கண்ணா, நெசமாவே பிரேக் போயிருச்சுங்களா?" என்றாள் பானு.

"எங்கூட்டுக்காரரு அந்த வண்டில கால வெக்காதேன்னுட்டாருங்க" என்றாள் இன்னொருத்தி.

போன மாதம் வண்டியைச் சோதித்துக் கொடுத்த எஃப்.சி. பேப்பரை எடுத்து விரித்துக் காட்டினார். யாரும் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஜாபெஸ் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க வண்டி எனக்குத் தெரியாதுங்களாண்ணா? ஆனா மேனேஜருக்கும் அந்த வீடியோ வந்திருச்சுங்க. கொஞ்ச நாளைக்குக் கல்லு மட்டும் வெக்காதீங்க. அதப் பாத்தாத்தான் சனங்க பயப்படறாங்க. இல்லீன்னா டிரிப்பை வேற வண்டிக்கு மாத்திருவாங்க."

எல்லாரும் கேட்கட்டும் என்றே வேடியப்பன் சத்தமாகச் சொன்னார்.

"பொய்யக் காட்டுனவன் சட்டை கசங்காம உக்காந்திருக்கறான். அவன ஒரு வார்த்த கேக்க உங்களுக்கு வாய் வரல. இத்தன வருசமா இவங்க எதனால உசுரோட ஊடு போய்ச் சேந்தாங்களோ, அத நிறுத்தச் சொல்லி எங்கிட்ட வர்றீங்க. நானு வெப்பனுங்க. நிக்கற எடத்துலயெல்லாம் வெப்பேன். ஏறறவங்க ஏறட்டும். மத்தவங்களுக்கு வேற வண்டி பாத்துக்கங்க."

பானு தன் சோத்துப் போசியை சீட்டில் வைத்துவிட்டு ஏறினாள். அவள் பின்னால் எட்டுப் பேர் ஏறினார்கள். ஐந்து பேர் அசையவில்லை. அதில் ஒருத்தி, தலைப்பிரசவத்துக்கு இதே ஜீப்பில் போனவள். வேடியப்பன் வண்டியை எடுத்தார்.

முதல் ஏற்றம் தாண்டியதும் பானு மெல்ல ஆரம்பித்தாள். "கோவிச்சுக்காதீங்கண்ணா. நானும் அத வெளையாண்டனுங்க. உங்கள உட்டுட்டு முந்தித்தான் போனேன்."

பின்னால் ஒரே சிரிப்பு. வேடியப்பன் சிரிக்கவில்லை.

"மொதல்ல அந்தக் கருமத்தப் போன்ல இருந்து அழி" என்று சொல்லி, இரண்டாவது கியருக்கு மாற்றினார்.