உடையாத வெள்ளைக் கட்டி

பேட்ரிசியாவால் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார முடியாது. மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட, முழங்காலிட்டிருக்கும் அவளது விரல்கள் பலகையில் தாளம் போடும். மலேசியாவின் பீடோங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அவள் பௌதிக ஆசிரியை. 1978இல் ஒரு சஞ்சிகையில் செவ்வாயைச் சுற்றும் குட்டி நிலாவான போபோஸின் படத்தைப் பார்த்த பிறகு அந்தத் தவிப்பு இன்னும் கூடிவிட்டது. அதன் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு ஒரு பள்ளம். அவ்வளவு பெரிய அடி விழுந்தும் அது ஏன் சிதறவில்லை?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுண்ணக்கட்டி வார்த்து, ரப்பர்க் கவணால் இரும்புக் குண்டை அடித்தாள். கட்டி வெடித்து ஒரு சில்லு ஜன்னலை உடைத்தது. துணைத் தலைமையாசிரியர் பரஞ்சோதி ஓடி வந்தார்.

"டீச்சர், இது ஸ்கூலா, பெங்கெலா? இனிமே இங்க வேணாம்லா."

அவள் உண்மையான பெங்கெலுக்கே, பட்டறைக்கே போனாள். பக்கத்து ஊரான புக்கிட் செலம்பாவில் கணவர் எர்னஸ்ட் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் இரும்புக் குழாயைப் பொருத்தி, குண்டு பாயும்படி அவர் செய்து கொடுத்தார். போபோஸும் உள்ளே துளை துளையாக இருக்குமோ என்று, இம்முறை பேட்ரிசியா சுண்ணத்தில் சோப்பு நுரையைக் கலந்து, ரொட்டிபோல் உள்ளெல்லாம் துளையுள்ள கட்டி வார்த்தாள்.

சுட்டார்கள். குண்டைக் காணோம். கட்டி அப்படியே நின்றது.

"என்னா இது? முழுங்கிடிச்சா?" என்றார் எர்னஸ்ட்.

ரம்பத்தால் அறுத்தாள். குழியின் அடியில் துளைகள் நசுங்கிச் சுண்ணம் இறுகிப் போயிருந்தது. "அடிச்ச வேகம் முழுக்க அந்த ஓட்டைங்கள நசுக்கறதுலயே செலவாயிடிச்சுங்க! வெளிய பரவவே இல்ல."

இரண்டு நாள் சந்தோஷம். பிறகு மறுபடி தவிப்பு. விண்கல்லின் வேகத்துக்கு முன் இந்தக் காற்றுக் குழாய் நத்தை. அந்த வேகத்திலும் தாங்குமா?

1983இல் அரசாங்கம் ஜப்பானுக்கு ஆட்களைப் படிக்க அனுப்பிக்கொண்டிருந்தது. அவளுக்கும் இடம் கிடைத்தது.

"ரெண்டு வருஷம். திரும்பி வருவியா?" எர்னஸ்ட் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"வருவேன். ஆனா வந்தும் சும்மா இருக்க மாட்டேன். அதுக்குக் கோவிச்சுக்கக் கூடாது."

"இப்ப மட்டும் சும்மாவா இருக்கே?"

ஜப்பான் ஆய்வுக்கூடத்தில் நொடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் குண்டைப் பாய்ச்சும் துப்பாக்கி இருந்தது. முதல் கட்டி ஆழமாகக் குழிந்து நின்றது. வேகத்தைக் கூட்டியதும் அடுத்தது பொடியாய்ச் சிதறியது. துளைகள் காப்பாற்றும், ஆனால் ஓர் எல்லை வரைதான். தான் பாதி சரி, பாதி தப்பு என்று புரிந்ததும் அவள் அழவில்லை. அடுத்த கட்டிக்கு நுரையைக் கூட்டினாள்.

1985இல் திரும்பியவளுக்குப் பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. எர்னஸ்ட் பட்டறையை விட்டு வர மறுத்தார். வாரம் முழுக்க அங்கே, சனி ஞாயிறு இங்கே என்று பஸ்ஸிலேயே பாதி வாழ்க்கை போயிற்று. உறவினர்கள் இதுவும் ஒரு குடும்பமா என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமிருக்கவில்லை. ஈர மணலில் குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.