லைசென்ஸில் இருந்த விலாசம்

இது நடந்தது போன வருஷம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. திருவொற்றியூரில் கடலோரக் குப்பத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. கணவர் மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். நான் எட்டாவது வரைதான் படித்தவள். எதுவானாலும் அம்மன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுச் செய்வேன். மறுநாள் தெருவில் கூழ் ஊற்ற வேண்டும் என்று கேழ்வரகு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு மணி இருக்கும். என் மகன் வந்தான். இருபது வயது. முகம் வெளுத்திருந்தது. சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டுத்தான் பேசினான்.

காலையில் அவனும் பக்கத்து வீட்டுப் பையனும் ஷூ வாங்கப் போயிருந்தார்கள். அந்தப் பையனுக்கு ஹார்பர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை சேர வேண்டும். ஷூவை வாங்கிவிட்டு, தெற்குப் பக்கம் ஒரு கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே யாரோ இரண்டு பேர் ஒரு பெண்ணின் செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். போலீசார் அங்கு நின்ற பையன்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, எந்த ஏரியா என்று கேட்டு, கார்டை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். என் மகன் லைசென்ஸைக் காட்டினான். அதில் என் தம்பியின் நங்கநல்லூர் விலாசம், உத்தியோகக்காரர்கள் இருக்கும் பக்கம். பாலிடெக்னிக் படிக்கும்போது இரண்டு வருஷம் அங்கே தங்கி எடுத்த லைசென்ஸ். 'வீட்டுக்குப் போப்பா' என்று அனுப்பிவிட்டார்கள். வரிசையின் அந்தக் கோடியில் நின்ற பக்கத்து வீட்டுப் பையன் ஆதாரைக் காட்டினான். எங்கள் தெரு விலாசம். ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

"நானும் கூட வந்தவன்னு அவன் சொல்லவே இல்லமா. எனக்கும் வாய் வரல. திரும்பிப் போலாமா?" என்றான்.

"கம்முனு கெட" என்றேன். என் பிள்ளையைக் காப்பாற்றினாயே தாயே என்று அடுப்படியிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

சற்று நேரத்தில் அந்தப் பையனின் அம்மா வாசலுக்கு ஓடி வந்தார்கள், நான் அக்கா என்று கூப்பிடுபவர்கள். மார்க்கெட்டில் மீன் விற்பவர்கள். கையில் செதில்கூடக் காயவில்லை.

"போலீசு என் புள்ளைய புட்சிகினு போய்ட்டாங்களாம்மே. இப்பதான் போன் வந்துச்சி. உன் புள்ள வூட்லதான கீறான்?"

"காலைலேந்து தலவலின்னு படுத்துகினு கீறான்கா" என்றேன். எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று தெரியவில்லை.

அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நல்லதாப் போச்சிமே. கூடப் போயிருந்தா அவனையும் இட்னு போயிருப்பானுங்க. உன் புள்ளைய அம்மன் காப்பாத்திட்டா."

நான் கும்பிட்டபோது சொன்னதையே அவர்கள் எனக்காகச் சொன்னார்கள், அழுதுகொண்டே. பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக ரயிலடிக்கு ஓடினார்கள்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. தெருவுக்கு இரண்டு மூன்று வீட்டில் பிள்ளையைத் தேடி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன கதை இருக்கும். தம்பி வீட்டுப் பக்கம் பையன்கள் சேட்டை செய்யாமல் இல்லை. வண்டியில் பறக்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். அங்கே அப்பாவுக்குப் போன் வரும், இங்கே ஜீப் வரும். இதையெல்லாம் நான் யோசித்துப் பார்த்ததில்லை. மழை, வெயில் மாதிரி அதுவும் ஒன்று என்று இருந்துவிட்டேன்.

என் பொய்யை நம்பி அக்கா பிடித்த கையில் செதில் ஒட்டியிருந்தது. அடுப்பை அணைத்தேன். மகனை அழைத்துக்கொண்டு ரயிலடிக்குப் போனேன். அக்கா ரயிலுக்காக இன்னும் பெஞ்சில்தான் இருந்தார்கள். "தலவலிக்காரன ஏன்மே இட்டாந்த?" என்றார்கள். நான் டிக்கெட் எடுக்கப் போனேன். வழியிலும் உண்மையைச் சொல்லவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்த அதிகாரி மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "கேசு கீசு போட்டா வேல போய்டும் சார். திங்கக்கெயம சேரணும்" என்று அக்கா காலில் விழப் போனார்கள்.

"விசாரிக்காம விட முடியாதும்மா. திருவொற்றியூர்ல இருந்து இவ்ளோ தூரம் இவனுக்கு என்ன வேலை?" என்றார் அவர்.

அப்போதுதான் பேசினேன். "சார், இவன் என் புள்ள. இவனும் அங்கதான் நின்னுகினு இருந்தான். லைசென்சப் பாத்து வுட்டுட்டீங்க. அது என் தம்பி வூட்டு அட்ரஸ். இவங்க வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான் சார். வுட்டா ரெண்டு பேரையும் வுடுங்க, இல்ல ரெண்டு பேரையும் வைங்க."

 அக்கா என்னையே பார்த்தார்கள். அதிகாரி லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். "சரி, நீயும் போய் உக்காரு" என்று என் மகனுக்குப் பெஞ்சைக் காட்டினார். இரண்டு பையன்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எனக்குத் தெரிந்த சுலோகம் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து, போனைப் பறிகொடுத்த பெண் வந்தார். இருவரையும் பார்த்துவிட்டு, "இவங்க இல்ல சார்" என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கேஸ் இல்லை. திங்கட்கிழமை அந்தப் பையன் வேலையில் சேர்ந்துவிட்டான்.

ரயிலில் திரும்பினோம். ராயபுரம் தாண்டியதும் அக்கா என் மகனைப் பார்த்து, "இன்னா நைனா, தலவலி வுட்டுச்சா?" என்றார்கள். பையன்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

விலாசத்தைப் பார்த்துப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள் என்று யாரிடமாவது சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அதே பிள்ளைகளை நானும் என் வாசலில் நின்று பிரித்தேன், அதுவும் தெரிந்தே பிரித்தேன் என்பது முன்னால் வந்து நின்றுவிடுகிறது.