புளியங்கட்டையில் இரண்டு தட்டு

இது நடந்தது சென்ற வருடம் ஜூலை 9, புதன்கிழமை, பட்டப்பகலில். தேதி, மணி எல்லாம் ஜூட்டே சொன்னவை. ஒரு வார்த்தையும் கூட்டவில்லை.

அரியலூரில் செந்துறை ரோட்டில் ஜூட்டும் அவன் அப்பா மரிய செல்வமும் மர அறுவை மில் வைத்திருக்கிறார்கள். ஜூட் கட்டையைத் தள்ளுவான். ரம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று அப்பா பலகையை வாங்குவார். பெரிய கட்டை என்றால் ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. ரம்பச் சத்தத்தில் குரலும் எடுபடாது. அதனால் இந்தப் பக்கத்து மில்களில் தட்டுதான் பேச்சு. அப்பா கட்டையில் இரண்டு தட்டினால் தள்ள வேண்டும். ஒன்று தட்டினால் நிறுத்த வேண்டும். காதில் விழாவிட்டாலும் உள்ளங்கையில் தெரியும். தப்பினால் அப்பாவின் கை போய்விடும்.

அன்று பூலாம்பாடியிலிருந்து ஒரு புளியங்கட்டை வந்து இறங்கியது. ரம்பம் உடையாமலிருக்க, முதலில் காந்தம் வைத்து ஆணி பார்ப்பார்கள். காந்தம் ஓரிடத்தில் ஒட்டியது. துருப்பிடித்த நீள ஆணி. அதில் சுற்றிய முடிக்கற்றை. யாருக்கோ பேய் ஓட்டி, உச்சிமுடியோடு அறைந்தது.

"வேணான்டா ஜூட். திருப்பி அனுப்பிடு."

"ஞாயித்துக்கெழம தவறாம பூசைக்குப் போறீங்க. புளியமரத்துக்குப் பயமாப்பா?"

சிரித்துக்கொண்டே ஆணியைப் பிடுங்கி எறிந்தான்.

"வாய் மட்டும் நீளம்" என்று முணுமுணுத்தபடி அப்பா தன் இடத்துக்குப் போனார்.

மணி 2.40. டொக்... டொக். தள்ளினான். முதல் பலகை.

2.46. டொக்... டொக். தள்ளினான். கொளுத்துகிற வெயிலில் கட்டை சில்லென்றிருந்தது.

2.53. டொக்.

நிறுத்தினான்.

உடனே... டொக், டொக்.

தள்ளினான்.

டொக்! பலமாக.

டொக்... டொக்... மெதுவாக.

அது கட்டைக்குள்ளிருந்து, அவன் உள்ளங்கைக்கு நேர் கீழே.

சுவிட்சை அடித்துவிட்டு ஓடினான்.

அப்பாவின் சட்டைக் கையை ரம்பம் கவ்வியிருந்தது. மணிக்கட்டுக்கு நாலு விரற்கடைதான் பாக்கி.

"ஒரு தட்டு தட்டுனேனேடா... ஏன்டா தள்ளுன?"

"அப்புறம் ரெண்டு தட்டுனீங்களேப்பா!"

"நானா?"

மறுநாள் கட்டையைத் திருப்பி எடுத்துப்போக லாரிக்கார வெள்ளைச்சாமி வந்தார். நடந்ததைக் கேட்டு வெளிறிப்போனார். அந்த மரத்தின் இன்னொரு பாதியை வரும் வழியில் பெரம்பலூரில் ஒரு மில்லில் இறக்கியிருந்தாராம். அங்கேயும் அப்பா, மகன்.

அதே புதன்கிழமை. அதே 2.53.

அங்கே சுவிட்சை அடிக்க நேரம் கிடைக்கவில்லை.

போலீஸ் எத்தனை முறை கேட்டும் அந்த மகன் சொன்னது ஒன்றுதானாம்.

"அப்பாதான் சார் ரெண்டு தட்டு தட்டுனாரு."