எந்தக் கால் சும்மா இருக்கு?

மில்லில் ராத்திரி ஷிப்டில் வெள்ளையாக ஒன்று போச்சு என்று எவனாவது வந்து நின்றால், பஞ்சு பறந்திருக்கும், போய் மூஞ்சியைக் கழுவு என்று விரட்டுகிற ஆள் நான். ராஜபாளையத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்பின்னிங் மில் பிட்டர். எதற்கும் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று அடித்துச் சொல்கிறவன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எனக்குக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற கிறுக்கு உண்டு. பிடிக்க வைத்தவன் சிக்கந்தர், பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன், என் சிநேகிதன். என் வீட்டு மாடி ரூமில் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு சீட் போட்டோம், ஆளுக்கொரு ஸ்டீரிங், காலுக்குப் பெடல், எல்லாம் பழைய இரும்பில் நாங்களே வெல்டிங் வைத்தது. ஓட்டுவது அந்தக் காலத்து ரெட்டை இன்ஜின் பயிற்சி விமானம். இடது சீட்டில் நான், வலது சீட்டில் வாத்தியார் மாதிரி அவன். அதில் ஆட்டோ பைலட் கிடையாது, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இரண்டு நிமிஷம் கையை எடுத்தால் தரையில்தான் கிடக்கும்.

எங்களுக்குள் இரண்டு சட்டம். ஓட்டுவதை மாற்றிக்கொள்ளும்போது ஒருவன் 'உன் கையில' என்று சொல்ல வேண்டும், வாங்குகிறவன் 'என் கையில' என்று சொல்ல வேண்டும். இன்னொன்று எனக்காகவே அவன் போட்டது. மில்லில் ஒரு மெஷின் மேல் சந்தேகம் வந்தால் முதலில் சுவிட்சை அணைப்போம், பிறகுதான் என்ன ஏது என்று பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் விமானத்திலும் அவசரப்பட்டு நல்ல இன்ஜினை அணைத்து நாலைந்து தடவை குப்புற விழுந்திருக்கிறேன். ஒரு இன்ஜின் நின்றால் மூக்கு அந்தப் பக்கம் இழுக்கும், நேராக வைக்க எதிர்ப்பக்கக் காலால் பெடலை மிதிப்போம், ஆக எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் செத்த இன்ஜின். அதனால் நான் அணைக்கக் கையைக் கொண்டுபோனாலே, "எந்தக் கால் சும்மா இருக்கு மாப்ள?" என்று கேட்பான். காலைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அணைக்க விடுவான்.

அவனிடமும் ஒரு கோளாறு உண்டு. இறங்கி நிறுத்தி எல்லாவற்றையும் அணைப்பான், முன் விளக்கை மட்டும் எரியவிட்டுவிட்டு எழுந்துவிடுவான். நான் திட்டினால், "இருக்கட்டும் மாப்ள, பொறவு வாறவனுக்கு வெளிச்சம் வேணும்லா" என்று சிரிப்பான்.

போன வருஷம் அவன் போய்விட்டான். நெஞ்சு வலித்ததைக் கேஸ் என்று நினைத்து ஒரு சோடா குடித்துவிட்டு, ஒரு பிரிண்டரைச் சரிசெய்ய சோழபுரத்துக்கு வண்டியை எடுத்தான். பாதி வழியில் ரோட்டோரம் கிடந்தான். ஏன்டா டாக்டரிடம் போகவில்லை என்று இன்றைக்கும் அவன் மேல் எனக்குக் கோபம்தான். வலது பக்க ஸ்டீரிங் வயரை நானே பிடுங்கிச் சுருட்டி ஒரு பையில் போட்டு வைத்தேன், காலி சீட்டுக்குக் கனெக்ஷன் எதற்கு?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனேன். மதுரையில் கிளப்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, ராஜபாளையத்துக்கு மேலே மலையைத் தாண்டுவதாகத் திட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் அந்தக் கம்ப்யூட்டரில் ஏதோ அபார்ட்மென்ட் மாதிரிதான் தெரியும், அதற்கே நானும் அவனும் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம். அதைத் தாண்டி முழு வேகம் கொடுத்து ஏற்றினேன். இந்த விமானம் ஏறும்போது சும்மாவே மூக்கை இடப்பக்கம் இழுக்கும், வலது காலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதித்துக்கொண்டுதான் இருந்தேன், அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் மூக்கு இடப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. சரி, இடது இன்ஜின் போச்சு என்று அணைக்கக் கை போய்விட்டது.

"எந்தக் கால் சும்மா இருக்கு மாப்ள?"

வலது பக்கம், காதுக்கு ஒரு முழ தூரத்தில். ஹெட்போனில் இல்லை, ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பழக்க தோஷம், குனிந்து காலைப் பார்த்தேன். இடது கால் பெடலில் இருந்தது. வலது கால் பெடலை விட்டு விலகி, பாதம் சாய்ந்து தரையில் கிடந்தது, யாருடைய காலோ மாதிரி. நான் மிதிக்கிறேன், அது மிதிக்கவில்லை. இன்ஜின் முள் இரண்டையும் பார்த்தேன், இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

தனியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். மில்லில் எட்டு மணி நேரம் நிற்கிற எங்களுக்குக் கால் மரத்துப்போவது தினப்படி சமாச்சாரம், இரண்டு தட்டு தட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்றைக்கும் தட்டிவிட்டு, கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று பாயை விரித்திருப்பேன். ஆனால் அந்தக் கேள்விக்கு எங்கள் சட்டப்படி பதில் ஒன்றுதான், சும்மா இருக்கிற கால் பக்கம்தான் செத்திருக்கிறது. அப்போதுதான் உறைத்தது, செத்தது இன்ஜின் இல்லை, என் வலப்பக்கம். பயந்துதான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது?

அப்புறம் அமைதியாக, "என் கையில" என்று கேட்டது.

நான் 'உன் கையில' என்று சொல்லவே இல்லை. ஸ்டீரிங்கை விட்டுவிட்டு என் மனைவி செல்வியைக் கூப்பிட்டேன், வாயிலிருந்து பேச்சு குழறித்தான் வந்தது. ஓடி வந்தவள், "என்னங்க, வாய் ஏன் இப்படிக் கோணுது?" என்று அலறிப் போனைப் போட்டாள். ஆம்புலன்ஸ் மதுரைக்குக் கிளம்பியது. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது ஜன்னலில் நிஜக் கோபுரம் தெரிந்தது. இந்நேரம் விமானம் மலையில் மோதியிருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன், பைத்தியக்காரத்தனமாக அதற்காக வேறு அழுதேன்.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. தூங்கி எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்திருந்தால் இந்தக் காலும் கையும் திரும்பியிருக்காது, ஆளே மிஞ்சியிருப்பதும் சந்தேகம் என்றார் டாக்டர். குரலைப் பற்றிச் சொன்னேன். அந்த நேரத்தில் மூளை அப்படித்தான் எதையாவது கேட்க வைக்கும் என்றார். சரி, ஒத்துக்கொள்கிறேன், படித்தவர் சொல்கிறார்.

ஆனால் மறுநாள் காலையில் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போன செல்வி, மாடியில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, எப்படி அணைப்பது என்று கேட்டுத் தன் தம்பிக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. மதுரை ஓடுதளத்தின் ஓரத்தில் விமானம் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. இரண்டு இன்ஜினும் அணைந்து, பிரேக் போட்டு, பெட்ரோல் முள் அடியில் கிடக்கிறது. பிறகு நான் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த லாக்கை எடுத்துப் பார்த்தேன். இருபது நிமிஷத்தில் திரும்பியிருக்க வேண்டிய தூரம், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. தரை தொட்டது ஐந்து பத்துக்கு. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் என்னை உள்ளே எடுத்த நேரம் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? ஐந்து பத்து.

மச்சினன் சொல்கிறான், "சாப்ட்வேர்ல ஏதாவது கோளாறா இருக்கும் அத்தான், அதுவா எறங்கியிருக்கும்." இருக்கட்டுமே. அதே விமானத்தைக் கையை விட்டுவிட்டு ஒரு தடவை தானாக இறங்கச் சொல் பார்ப்போம் என்றேன். பதினொரு தடவை முயற்சி செய்தான், பதினொன்றும் மலையில். என் காதில் கேட்டது என் மூளை என்றால், என்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது மாடி ரூமில் உட்கார்ந்து ஓட்டியது யாருடைய மூளை? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.

வலது பக்க வயர் இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது, சுருட்டினபடியே. அந்தப் போட்டோவை மட்டும் என்னால் அதிக நேரம் பார்க்க முடிவதில்லை. எல்லாமே ஒழுங்காக அணைத்திருக்கிறது, முன் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது.