ராமாத்தாளின் கைப்பதம்

கோழி வேகும் இரும்புப் போசியின் மூடிமேல் தன் கை இருந்தது ராமாத்தாளுக்குத் தெரியவில்லை. தோல் கருகும் வாடை வந்தது. கோழித்தோல் அடிப்பிடித்துவிட்டதென்று நினைத்துக் மூடிமேல் இருந்த கங்குகளைத் தள்ளக் குனிந்தபோதுதான், சுட்ட இரும்பில் படிந்திருந்த தன் விரல்களைப் பார்த்தாள். எடுத்தாள். மூன்று விரல்நுனிகள் வெளுத்திருந்தன. வலி இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

யாரும் கவனிக்கவில்லை. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு அடுத்த போசிக்குப் போனாள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில், தகரக் கூரை போட்ட அந்தச் சாப்பாட்டுக் கடையை அவளும் கணவர் ஆறுமுகசாமியும் பதினாறு வருடமாக நடத்தி வந்தார்கள். வாரநாளில் சோறும் குழம்பும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கோழி. அதற்காகவே ஆட்கள் கேரள எல்லை தாண்டி வண்டி போட்டு வருவார்கள். வெட்டாத கோழியில் தொடை வேகிற நேரத்துக்குள் நெஞ்சுக்கறி பஞ்சாகிவிடும். அவளிடம் அது நடக்காது. முதல் நாள் சாயங்காலமே தோலுக்கடியில் விரல்விட்டு உப்பைத் தடவி வைப்பாள். இரும்புப் போசியில் சின்ன வெங்காயத்தைப் பரப்பி, நெஞ்சு கீழே இருக்கும்படி கோழியைக் கவிழ்த்து வைப்பாள். மூடிமேல் கொட்டாங்குச்சிக் கங்கு. வெந்துவிட்டதா என்று சொல்வது அவள் கைதான். கால் மூட்டை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் திருகுவாள். மூட்டு நெகிழ்ந்து கொடுத்ததும் இறக்கி, வாழையிலையில் சுற்றிக் கால்மணி நேரம் தொடாமல் வைப்பாள். சூட்டோடு வெட்டினால் சாறெல்லாம் பலகைக்குத்தான் என்பாள்.

அன்று நான்கு கோழி வறண்டுபோயின. அடுத்த வாரம் ஆறு. வாடிக்கையாக வரும் ஈஸ்வரன் ஒரு துண்டைப் பிய்த்து மென்றுகொண்டே கேட்டான்: “ஏனுங்கக்கா, கோழிய அடுப்புல வெச்சுப்போட்டு பொள்ளாச்சிக்குப் போய்ட்டு வந்தீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பதினோரு வருடமாக அவளுக்குச் சர்க்கரை. அக்கா காளியாத்தாளுக்கும் இருந்தது. அக்காவுக்கு முதலில் ஒரு கால்விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. பிறகு முழங்காலுக்குக் கீழே. அதற்கப்புறம் ஆறு மாதம் இருந்தாள். அக்காவைப் புதைத்த வருடத்திலிருந்து ராமாத்தாள் ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதே மாத்திரையை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தாள். காட்டினால் எடுத்துவிடுவார்கள். அவள் கணக்கு அவ்வளவுதான்.

மகன் ஆனந்தகுமார் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தான். கறியில் குத்திப் பார்க்கிற ஊசி வெப்பமானி ஒன்றைப் போன தீபாவளிக்கு வாங்கி வந்து கொடுத்திருந்தான். “கோழிக்குக் காச்சலான்னு பாக்கறதுக்கா சாமி?” என்று கேட்டு அதை ஆணியில் மாட்டிவிட்டாள். கோழி வறள ஆரம்பித்த மூன்றாவது வாரம் அவளே அதை எடுத்துத் துடைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த ஆனந்தகுமாருக்கு வாயெல்லாம் பல். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்த வேண்டும் என்றான். எழுபத்தைந்து காட்டினால் இறக்கலாம், மூடி வைத்தால் இன்னும் இரண்டு மூன்று ஏறும் என்றான். சுவரில் கரியால் எழுதியும் வைத்தான். தொழிற்சாலையில் ஒரு மானியை மாற்றினால், பழையதற்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவன் கையெழுத்துப் போடமாட்டான். அம்மாவின் கைக்கு என்ன ஆயிற்று என்று அன்று கேட்கவில்லை. சர்க்கரை நோயில் கைவிரல் மரத்துப்போவதற்கு முன்பே கால் முழங்கால்வரை மரத்திருக்கும் என்பதும் அவனுக்கு அப்போது தெரியாது.

கோழிகள் மறுபடி சாறோடு வந்தன. ஈஸ்வரன் இரண்டு வாங்கினான்.

சித்திரையில் ஒரு நாள், அடுப்படியில் நின்றிருந்தவளின் செருப்பைக் கங்கு ஒன்று துளைத்துப் பாதத்தில் ஏறியிருந்தது. சாயங்காலம் செருப்பைக் கழற்றியபோதுதான் கண்டாள். பெருவிரலுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவு புண். மஞ்சள் வைத்துக் கட்டி, மறுநாளிலிருந்து மகனுடைய பழைய துணி ஷூவைப் போட்டுக்கொண்டாள். ஆறுமுகசாமி கேட்டதற்குப் பித்தவெடிப்பு என்றாள். அவள் கிந்தி நடப்பதே இல்லை. அதனால் அவரும் நம்பினார். பத்து நாள் கழித்து, ஷூவைச் சுற்றி ஈ மொய்ப்பதைக் கண்டு, ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லட்டுமா என்றார்.

“நோம்பி முடியட்டுமுங்க. நாப்பது கோழி சொல்லியிருக்காங்க.”

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மறுநாள் கறிவிருந்து. நாற்பது கோழியையும் அவளே இறக்கினாள். வேர்வை நிற்காமல் ஓடியது. ஆனால் குளிர்கிறது என்று கங்குகளை ஒட்டியே நின்றாள். ஒன்றுகூட வறளவில்லை என்றார்கள் சாப்பிட்டவர்கள். மூன்று மணிக்கு அவள் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை.

ஆனந்தகுமார் ஷூவைக் கழற்றினான். வாடையில் ஆறுமுகசாமி வெளியே போய்விட்டார். பாதம் பாதி கறுத்திருந்தது. மகன் அதன் பக்கத்தில் விரலை அழுத்தினான்.

“தெரியுதாம்மா?”

“இல்லடா.”

கணுக்காலில் அழுத்தினான்.

“நீ தொடறது கண்ணுக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல.”

ஆடுசதை. இல்லை. முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே வந்தபோது “இங்க தெரியுது” என்றாள். அவன் கை அங்கேயே நின்றது. அவள் அந்த இடத்தையே பார்த்தாள்.

“பெரியம்மாளுக்கு அங்கதான் எடுத்தாங்க.” பிறகு அவனை நிமிர்ந்து பார்த்து, “என்ற கிட்டப் பொய் சொல்லாத சாமி. எடுத்துருவாங்களா?”

“இல்லம்மா. மருந்துலயே ஆறீரும்.”

தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் அவன் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நம்பினாள். பிடித்துத் தூக்கக் கையைக் கொடுத்தாள்.

கோயம்புத்தூரில் சேர்த்தார்கள். நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டது, காலை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். ஆறுமுகசாமி சம்மதக் கையெழுத்துப் போட்டார். ரத்த அழுத்தம் நிலைப்பட்டதும் அறுவைக்கு அழைத்துப் போகிறோம் என்றார்கள். நிலைப்படவில்லை. மூன்றாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு ராமாத்தாள் இறந்தாள். வயது ஐம்பத்து நான்கு. இரண்டு காலோடும்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.