இருபது அடி என்று நான் சொன்ன பள்ளம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பா கடலுக்குப் போனவர். எனக்குக் கடல் சரிப்படவில்லை; படகில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். அதனால் மண்ணுக்கு வந்தேன். கூடை சுமந்தேன், லாரியில் கிளீனராக ஓடினேன், அப்புறம் சொந்த லாரி, அப்புறம் பொக்லைன். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிற்பது என் மண்ணில். சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றுக் கரை உடைத்துக்கொண்ட இடத்தை அடைத்தது என் மண். சிதம்பரம் போகிற ரோட்டில் தண்ணி நின்ற இடத்தையெல்லாம் தூக்கி நிறுத்தியதும் என் மண்தான். திருப்பாதிரிப்புலியூரில் மூணு மாடி வீடு. ஒரு காலத்தில் என்னை உட்காரக்கூடச் சொல்லாத பேங்க்கில் இன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள்.

இவ்வளவு மண் எங்கேயிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலூருக்கு மேற்கே செம்மண் மேட்டில் ஒரு குவாரி எடுத்திருந்தேன். இருபது அடி தோண்டலாம் என்று பர்மிட். அதோடு நிறுத்தவில்லை. கீழே போகப்போக மண் நல்லா இருந்தது, தோண்டிக்கொண்டே போனேன். ஒரு நாள் ஊற்று பிய்த்துக்கொண்டு வந்தது. வண்டியை மேலே ஏற்றினேன், குவாரி கேட்டைச் சாத்தினேன், போய்விட்டேன். பல வருஷம் அது தண்ணி ரொம்பி அப்படியே கிடந்தது. ஆடு விழுந்து செத்தது. கோழிக்கடைக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள்.

அந்த ஊர் மகளிர் குழுதான் அதில் மீன் வளர்க்கலாம் என்று கிளம்பியது. குழுத் தலைவி இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். நேராக என் வீட்டுக்கே வந்தாள். "கான்ட்ராக்டரே, நீங்க தோண்டுன பள்ளம். எறங்கி ஏற ஒரு பக்கம் சரிவு வெட்டிக் குடுங்க." ஒரு வாரம் என் வண்டியை விட்டு வெட்டிக் கொடுத்தேன். செங்குத்துக் கரையை ஆள் நடந்து இறங்குகிற மாதிரி ஆக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. படித்த இஞ்சினியர்கள் முடியாது என்றார்கள். நான் செய்தேன்.

மீன்துறையிலிருந்து வந்த ஆபீசர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "எவ்ளோ ஆழம்? வலைக்கு அளவு எழுதணும்."

"இருபது அடி சார். பர்மிட்லயே இருக்கே."

என் மச்சான், அதாவது என் பெண்சாதியின் தம்பி, இன்னும் கடலுக்குப் போகிறவன். அவன் ஊரிலேயே வலை பின்னினார்கள், இருபது அடிக்குக் கொஞ்சம் தொய்வு விட்டு. கட்லா, ரோகு குஞ்சு விட்டார்கள். தலைவி தினமும் காலையில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கூடையில் சுமந்துபோய்த் தூவினாள்.

மீன் பிடிக்கிற அன்றைக்கு ஊரே கரையில் நின்றது. சிதம்பரத்து வியாபாரி ஐஸ் பெட்டியோடு வண்டி கொண்டுவந்திருந்தார். மச்சானும் அவன் ஆட்களும் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். வலை லேசாக வந்தது. ஒரு கூடைகூட நிறையவில்லை.

"எங்க போச்சி அவ்ளோ மீனும்?" என்றார் வியாபாரி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளத்தைப் பற்றித் தெரிந்த ஆள் நான்தானே. அப்போது என் வாயிலிருந்து வந்ததை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

"தீனி ஒழுங்கா போட்டிருக்க மாட்டாங்க. செத்து அடியில போயிருக்கும்."

அவ்வளவுதான். கூட இருந்த பெண்கள் தலைவி பக்கம் திரும்பினார்கள். "ஏம்மா, தவிட்டயெல்லாம் ஒன் ரெண்டு மாட்டுக்குத் தள்ளிட்டியா?" "அதான் மாடு கொழுகொழுன்னு நிக்குதே!" அவள் காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ஐஸ் பெட்டி திறந்தபடியே சிதம்பரம் திரும்பியது.

மச்சான் மட்டும் வலையின் அடிக்கயிற்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈயக்குண்டு ஒன்றைத் துடைத்து என்னிடம் நீட்டினான்.

"மாமா, கழுவி வச்ச மாதிரி இருக்கு. சேறு எங்க?"

அடிக்கயிறு தரையைத் தடவி வந்திருந்தால் ஈயத்தில் சேறு ஒட்டியிருக்கும். ஒட்டவில்லை. வலைக்குக் கீழே மீன் சாவகாசமாக நீந்திப் போயிருக்கிறது. கடல்காரன் மகனான எனக்கு இது தெரியாதா? வலை லேசாக வந்தபோதே தெரியும். தெரிந்துதான் அவளைச் சொன்னேன்.

மறுநாள் காலையில் மச்சான் லாரி டியூபில் ஏறி நடுவில் போனான். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினான். அப்புறம் இரண்டு கையையும் விரித்து, கடலில் அளக்கிற மாதிரி பாகம் பாகமாகக் கயிற்றை எண்ணினான். ஏழரைப் பாகம், பாகத்துக்கு ஆறடி. நாற்பத்தஞ்சு அடி.

"இருபதுன்னியே மாமா. மீதி எந்த ரோட்டுல கெடக்கு?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திவிட்டான். "அந்தப் பொண்ணை இன்னிக்கிக் கூட்டத்துல தலைவி பொறுப்புலேருந்து எடுத்துடப் போறாங்களாம். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நானே போனேன். பர்மிட்டுக்குப் பயந்து பொய் சொன்னேன், அந்தப் பொய்யை மறைக்க இவள்மேல் பழியைப் போட்டேன் என்று குழு முன்னால் நின்றுகொண்டு சொன்னேன். எத்தனையோ அதிகாரிகள் முன்னால் நின்றிருக்கிறேன், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது அன்றைக்குத்தான். தலைவி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"மாடு ரெண்டும் சாட்சி சொல்லாதுன்னு தைரியமா, கான்ட்ராக்டரே?"

மச்சான் ஆழத்துக்கு ஏற்ற தொங்குவலை கொண்டுவந்து நாலு நாள் போட்டான். மீன் வந்தது, ஒவ்வொன்றும் வயிறு புடைத்து. அவள் போட்ட தவிடு எங்கே போனதென்று எல்லாரும் பார்த்தார்கள். அதற்கப்புறம், இந்த ஆழத்துக்கு இழுவலை ஆகாது, மிதக்கிற கூண்டுதான் சரி என்று யோசனை சொன்னதும், பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டி, பைப்பை வெல்டிங் வைத்து அதைச் செய்து கொடுத்ததும் நான். இப்போது கூண்டில் ஜிலேபி மீன் வளர்கிறது. சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போன மாதம் பஞ்சாயத்தில் அங்கே ஒரு பலகை வைத்தார்கள். குழுவின் பேர் இருக்கிறது, ஆபீசர் பேர் இருக்கிறது. "கைவிடப்பட்ட குவாரி, ஆழம் இருபது அடி" என்று இருக்கிறது. என் பேர் இல்லை. கேட்டால், "ஒங்க மரியாதைக்காகத்தாங்க விட்டுட்டோம். அந்தப் பேச்சே எதுக்கு?" என்கிறார்கள்.

எனக்கு அந்த மரியாதை வேண்டாம். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆழம் நாற்பத்தஞ்சு அடி. தோண்டினது நான். கைவிட்டதும் நான். இருபது என்று சொன்னதும், தினமும் தீனி போட்டவளைத் திருடி ஆக்கினதும் நான். சரிவு வெட்டினதும் கூண்டு கட்டினதும் நானேதான், அதையும் சேருங்கள். அவள் பேர் மேலே இருக்கட்டும். கீழே என் பேர், கரையில் நின்று படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் வேண்டும்.